நாவலை விட்டு வேலைக்கு வந்தவர்கள்

சூடத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிற பிள்ளையார் சாட்சி. இனி வரப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்தக் கை விளங்காமல் போகட்டும். விஷயம் இதுதான்: மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில், இசக்கிமுத்து எழுதிய நாவலில் இருந்தவர்கள் அதைவிட்டு இறங்கி, ரயில் ஏறி, வேலை தேடித் திருப்பூருக்கு வந்துவிட்டார்கள்.

வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. இந்த ஊருக்கு எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். முதலில் ஒருவன் வருவான். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுப்பான். கொஞ்ச நாளில் தம்பியைக் கூப்பிடுவான், தம்பி மச்சானைக் கூப்பிடுவான், மழை பொய்த்த வருடத்தில் ஊரே வந்து இறங்கும். விளாத்திகுளத்துப் பக்கம் சில ஊர்களில் கோயில் கொடைக்கு ஆள் சேர்வதில்லை. அதனால் சாமியாடி மட்டும் பஸ் பிடித்துத் திருப்பூர் அனுப்பர்பாளையம் வந்து, லைன் வீடு லைன் வீடாகக் குறி சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார். சாமி அவருக்குள்ளேயே இருப்பதால் அதற்குத் தனி டிக்கெட் எடுப்பதில்லை. இசக்கிமுத்துவும் அந்தப் பக்கத்து ஆள்தான். அவர் ஒருவர் இங்கே வந்து காலூன்றியதால், அவர் தலைக்குள் இருந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இசக்கிமுத்துவுக்கு மகுடேஸ்வரன் கம்பெனியில் சேம்பிள் செக்‌ஷனில் வேலை. மனைவி அனுசுயா அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சேம்பிள் என்பது என்னவென்றால், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு முதலில் ஒரே ஒரு உருப்படியைத் தைத்து அனுப்புவார்கள். பையர் அதை விரித்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், பத்துப் பதினைந்து நாளில் பதில் சொல்லிவிடுவார். சரி என்றால் ஒரு லட்சம் பீஸுக்கு ஆர்டர். சரியில்லை என்றால் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பிசகு என்று எழுதி அனுப்புவார், அதைத் திருத்தி மறுபடி அனுப்பினால் அப்புறம் ஆர்டர். இசக்கிமுத்து தைத்த சேம்பிள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. உலகத்தில் எல்லாக் காரியமும் இப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பினார். பின்னால் நடந்த குழப்பம் முழுவதும் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

வேலை முடிந்து வந்து, துணி வெட்டுவதற்குப் போடும் மார்க்கர் தாளின் பின்பக்கத்தில், பல வருடமாக ஒரு நாவல் எழுதினார். கதை அவருடைய கரிசல்காட்டு ஊரில் நடக்கிறது. காசிமாயன் என்கிற ஊர்த்தலைவர், ராமாயி என்கிற பெண் மேல் ஒரு திருட்டுப் பழியைப் போடுகிறார். ஊர் நம்புகிறது. கடைசி அத்தியாயத்தில் ராமாயி கிணற்றில் விழுகிறாள். நாவலைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து டைப் அடித்து முடித்ததும், அவர் அதைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். எப்படி அனுப்பினார் என்பதுதான் முக்கியம். நாலு சைஸில் அனுப்பினார். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ். ஆட்கள் அதே ஆட்கள், கதை அதே கதை. ஸ்மாலில் வெயிலைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் எக்ஸ்ட்ரா லார்ஜில் எட்டுப் பக்கம். ஒவ்வொன்றையும் பாலிதீன் கவரில் போட்டு, ஈரம் தட்டாமலிருக்க சிலிக்கா பொட்டலம் வைத்து, மேல் மூலையில் ஒரு டேக் கட்டினார். அதில் ‘100% உண்மை, வெந்நீரில் அலச வேண்டாம்’ என்று இருந்தது.

ஒரு வாரத்தில் பதிப்பகத்திலிருந்து தமிழ்மதி என்கிற உதவி ஆசிரியர் போனில் பேசினார்.

“சார், ஒரே நாவல் நாலு தடவை வந்திருக்கு. ஏதாவது தவறா?”

“தப்பெல்லாம் இல்ல மேடம். சைஸ் செட்டு. எது ஒங்களுக்குச் சரியா இருக்கோ எடுத்துக்கிடுங்க. எத்தனை லட்சம் பீஸுன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டா அட்டைப்பெட்டிக்கு இப்பவே சொல்லி வச்சிருவேன்.”

அந்தப் பெண், ஒன்று போதும், மற்ற மூன்றையும் திருப்பி அனுப்புகிறோம், பதில் சொல்ல ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், பதில் ‘இல்லை’ என்றும் இருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இசக்கிமுத்து போனை வைத்துவிட்டு, “பையருக எப்பவும் இப்படித்தான் பிகு பண்ணுவாக” என்றார். மறுநாள் போய் முதலாளி மகுடேஸ்வரனிடம் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னார். மகுடேஸ்வரன் கோபப்படவில்லை. “ஏனுங்க இசக்கி, ஆர்டர் வர்றதுக்கு முன்னால மெஷினை வித்துப்போடறீங்களே” என்று மட்டும் கேட்டார். அனுசுயா இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் சோற்றைத் தட்டில் போடும்போது, “ஒரு வருசம்னு அந்தப் பிள்ள வாயாலயே சொல்லிருக்கு. அதுவரைக்கும் இந்தத் தட்டுல என்னத்தப் போட? ரெண்டாவது அத்தியாயத்தப் போடவா?” என்றாள். அவர் ‘முழுநேர எழுத்தாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தார். டவுன் பஸ் கண்டக்டருக்கெல்லாம் கொடுத்திருந்தார். பொன்னாடை ஒருவருக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். புத்தகம் வராவிட்டால் இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது என்ற இடத்துக்கு, யாரும் தள்ளாமல், அவரே நடந்து போய் நின்றுகொண்டார்.

அவருக்கு உண்மையைச் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தார். காதர்பேட்டையில் கட்பீஸ் கடை வைத்திருக்கும் சலாவுதீன். அவர் ஒரு காலத்தில் சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் போட்டவர். விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். அடுக்கிய நாளிலிருந்து புத்தகங்கள் வருடத்துக்கு ஒரு சாண் உயர்ந்துகொண்டே வருகின்றன, கட்டிலும் கூடவே உயர்கிறது. இப்போது அவர் ஏணி போட்டு ஏறித்தான் படுக்கிறார், மின்விசிறியைக் கழற்றிவிட்டார். “இங்க பாருங்க அண்ணாச்சி,” என்றார் அவர், “பொஸ்தகம் வந்தா உலகம் எந்திரிச்சு நிக்கும்னு நானும் நெனைச்சேன். எந்திரிச்சது என் கட்டிலு ஒண்ணுதான். அனுப்பிட்டீங்கல்ல, மறந்துபோட்டு வேலைக்குப் போங்க. வந்தா வரட்டும்.” இசக்கிமுத்து அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு வருடம் போயிற்று. பதில் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அனுப்பர்பாளையம் வரை நடந்தே ஒரு பெண் வந்தாள். உச்சி வெயிலில் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியதால் சீட் பாழாகும் என்று எந்த ஆட்டோவும் ஏற்றவில்லை. இசக்கிமுத்து குடியிருந்த லைன் வீட்டு வாசலில் வந்து நின்று, நாவலின் முகப்புத் தாளில் விலாசம் இருந்ததாகச் சொன்னாள். அவள் ராமாயி.

“அந்த மூட்டையில எம்புட்டு நாளைக்கு அண்ணாச்சி கெடக்கது?” என்றாள். “தமிழ்மதின்னு ஒரு பிள்ள, வந்த புதுசுல ரெண்டு மட்டம் படிச்சிச்சு. நல்ல பிள்ள. அப்புறம் பெரியவரு பார்க்கணும்னு அலமாரியில வச்சிச்சு. அதுக்கு மேல எவனோ அஞ்சு பாகத்துச் சரித்திர நாவலக் கொண்டாந்து போட்டுட்டான். ராவும் பகலும் குதிரைக எங்க தலையில மிதிக்கி. சோறு இல்ல, தண்ணி இல்ல. நீங்க திருப்பூர்ல இருக்கீகல்லா, ஒரு வேலை வாங்கித் தாங்க.”

இசக்கிமுத்து உள்ளே ஓடி, திரும்பி வந்திருந்த மூன்று சைஸையும் பிரித்துப் பார்த்தார். மூன்றிலும் ராமாயி வரும் இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பார்த்தார், பென்டிரைவிலும் அப்படியே. மார்க்கர் தாளைப் புரட்டினார், பேனா அழுத்திய தடம்தான் மிச்சம். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அனுசுயா உட்காரவில்லை. வந்தவளுக்குச் சோறு போட்டு, மறுநாள் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். எச்.ஆர். ஆதார் கேட்டார், பிறந்த இடம் கேட்டார். “எங்க அண்ணாச்சி தலையில” என்றாள் ராமாயி. எச்.ஆர். வாங்கிய விண்ணப்பங்களில் இதைவிடக் குழப்பமானவை இருந்தன, அதோடு அது மாதக் கடைசி, சரக்குக் கப்பலேறும் ஷிப்மென்ட் வாரம். செக்கிங் செக்‌ஷனில் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் துணியில் படக்கூடாது என்று வடிகாலுக்குப் பக்கத்து டேபிளைக் கொடுத்தார்கள்.

ராமாயி போய்ச் சேர்ந்த செய்தி எப்படியோ அலமாரிக்கு எட்டியது. ஒரு மாதத்துக்குள் மற்றவர்களும் வந்தார்கள். காசிமாயன் வந்தார். வந்த மூன்றாவது வாரம் லைன் சூப்பர்வைசர் ஆனார், அதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. கீதாரி ராமர் ஆடுகளோடு வந்தார். ஆடுகளை உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். பஞ்சாயத்தில் உட்காரும் ஐந்து பேர் பேக்கிங்கில் சேர்ந்தார்கள், ஒரு அட்டைப்பெட்டியை ஒட்ட ஐந்து பேரும் கலந்து பேசினார்கள். நான் இந்தக் கேட்டுக்குக் காவலாக வந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். இப்படியாக இசக்கிமுத்துவின் நாவலில் கிணறும், பனையும், கருவேல முள்ளும், எட்டுப் பக்க வெயிலும் மட்டும் மிஞ்சின. அவரும் எத்தனையோ முறை உட்கார்ந்து ராமாயியை மறுபடி எழுதிப் பார்த்தார். மை காய்வதற்குள் எழுத்து மறைந்தது. அவள்தான் அங்கே செக்கிங்கில் இருக்கிறாளே, இங்கே எப்படி நிற்பாள்?

லைன் வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் முதலில் சண்டைக்கு வந்தார். “ஏங்கண்ணு, ஊடு பூரா ஈரமாவுது, செவுரு என்னத்துக்காவறது?” என்றார். பிறகு ஒரு நாள் தரையில் தேங்கியதைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கம் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், போர் போட்டால் சாயத் தண்ணீர். ராமாயி மேலிருந்து சொட்டியது நல்ல தண்ணீர், கரிசல்காட்டுக் கிணற்றுத் தண்ணீர், இனிப்பு. அன்றிலிருந்து லைன் வீட்டில் உள்ளவர்கள் அவள் நடமாடும் இடத்திலெல்லாம் குடத்தை வைத்தார்கள். அவள் உட்கார்ந்து சீரியல் பார்த்தால் இரண்டு குடம் நிறையும். ரங்காத்தாள் வாடகையைக் குறைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பல மாதம் கழித்து, பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. நாவலை ஏற்றுக்கொள்கிறார்கள். முந்நூறு பிரதி அச்சிடுவார்கள். முன்பணம் கிடையாது, விற்றால் வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கப்படும். மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், வெயிலிலேயே அதைக் குறைத்துவிடலாம். ஏழாம் அத்தியாயத்தை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். அதில் வருகிறவர் நம்பும்படியாக இல்லை, அவர் இல்லாமலே கதை நடக்கிறது. (இதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன்.) கடைசி அத்தியாயம்தான் நாவலின் உயிர், படித்த அன்று தூங்க முடியவில்லை, அதில் கை வைக்கவே கூடாது. கீழே தமிழ்மதி தன் கையால் எழுதியிருந்தார்: எங்களிடம் உள்ள பிரதியில் பல பக்கங்கள் வெளிறிவிட்டன, தயவுசெய்து நல்ல பிரதி ஒன்றை அனுப்பவும்.

லட்சம் எங்கே, முந்நூறு எங்கே. இசக்கிமுத்து கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பூஜ்ஜியம் எங்காவது உதிர்ந்திருக்கிறதா என்று தரையில்கூடத் தேடினார். ஆனாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இத்தனை வருடம் எழுதி, வேலையை விட்டு, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கடைசியில் கதவு திறந்தபோது கையில் கொண்டுபோக ஒரு ஆள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, லைன் வீட்டு வாசலில் எல்லோரையும் கூட்டினார். சலாவுதீனும் வந்திருந்தார். ரங்காத்தாள் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“ஒங்க எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுதேன்,” என்றார் இசக்கிமுத்து. “ஒருக்க உள்ள போயிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“போனா திரும்பி வர முடியுமாய்யா?” என்றார் காசிமாயன். “பசை போட்டு முதுகுல ஒட்டிருவான். எனக்கு இங்க லைனு இருக்கு, முப்பது மெஷின் இருக்கு. அங்க என்ன இருக்கு? எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே படிப்பாக.”

“தீபாவளி போனஸ் வாங்கிக்கிட்டுப் போறமே” என்றார் கீதாரி ராமர். பஞ்சாயத்துக்காரர்கள் ஐந்து பேரும் கலந்து பேசி, அதுதான் நியாயம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ராமாயி மட்டும், “எத்தன பேரு அண்ணாச்சி படிப்பாக?” என்று கேட்டாள்.

“ஒரு லட்சம்” என்றார் இசக்கிமுத்து. பழக்கத்தில் வந்துவிட்டது.

ராமாயியின் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அப்படியே நின்றது. இது நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சொட்டு ஒன்று, தரைக்கு ஒரு முழம் மேலே, கீழே விழாமல் நின்றது.

“ஒரு லட்சம் மட்டமா?” என்றாள். “ஒருத்தரு படிக்கையில நான் ஒரு மட்டம் விழுதேன். எழுதையில நீங்க ஒரு மட்டம் தள்ளுனீக. நல்லா வரல, நல்லா வரலன்னு திருத்தித் திருத்தி எம்புட்டு மட்டம் தள்ளுனீகன்னு ஒங்களுக்கே தெரியாது. டைப் அடிச்ச பையன் ஒரு மட்டம், அந்தப் பிள்ள ரெண்டு மட்டம். கெணத்துத் தண்ணி எப்படிச் சில்லுன்னு இருக்கும்னு பக்கம் பக்கமா எழுதத் தெரிஞ்சுது ஒங்களுக்கு. அதுக்குள்ள இருக்கவ ஒருத்தி இருக்காளேன்னு தெரியலியே.”

சலாவுதீன்தான் பதில் சொன்னார். “லட்சமெல்லாம் இல்லம்மா. கடுதாசியில முந்நூறுன்னு போட்டிருக்கு. அதுல நூறு வித்தாப் பெருசு. வாங்கினவங்கள்ல கடைசிப் பக்கம் வரைக்கும் போறவங்க ஒரு அம்பது பேரு இருந்தா அல்லா புண்ணியம்.”

எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். அவர், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, “ஆமா. அம்பதுதான்” என்றார். அந்த எண்ணை அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவருடைய விசிட்டிங் கார்டில் இருந்த ‘முழுநேர’ என்ற சொல் அழிந்துபோயிற்று. கார்டு என்னிடம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

ராமாயி யோசித்தாள். “அம்பதுன்னா வாரேன்,” என்றாள். “எம்மேல போட்ட பழி பொய்யின்னு நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அம்பது பேருக்காவது தெரியட்டும். ஆனா ஒட்டிக்கிட்டெல்லாம் கெடக்க மாட்டேன். யாராச்சும் படிச்சா அந்த நேரத்துக்குப் போய் விழுந்துட்டு வந்திருவேன்.” காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போகும்போது தானும் போகாமல் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் விஷயத்தை மகுடேஸ்வரனிடம் கொண்டுபோனார்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “பெர்மிஷன் போட்டுக்குங்க கண்ணு, அதுக்கென்ன. ஷிப்மென்ட் வாரத்துல மட்டும் யாரும் படிக்கக் கூடாதுன்னு பொஸ்தகத்துல போட்டிருங்க” என்றார். அப்படியே போட்டார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘மாதக் கடைசியில் படிப்பதைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மதிக்காமல் படித்தவர்கள் சிலர், பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது, வெறும் வெயிலாக இருக்கிறது என்று பதிப்பகத்துக்குப் புகார் எழுதினார்கள். திங்கட்கிழமை வரை பொறுக்கும்படி தமிழ்மதி பதில் போட்டார்.

எழுத்துகள் பழையபடி தாளுக்குத் திரும்பின. இசக்கிமுத்து வெயிலை வெட்டினார், ஏழாம் அத்தியாயத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எடுத்தார், பிரதியை அனுப்பினார். அனுப்பிய மறுநாளே பழைய வேலையில் போய் உட்கார்ந்தார். “ஏனுங்க எழுத்தாளரே, அந்தக் காலர் சேம்பிள் என்னாச்சுங்க?” என்று மகுடேஸ்வரன் கேட்டார். அதற்குப் பிறகு கம்பெனியில் எல்லோரும் அவரை எழுத்தாளரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். புத்தகம் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. வெளியீட்டு விழா கம்பெனி கேண்டீனில் நடந்தது. நாற்காலிகள் நிறைய இருந்தன. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் புத்தகத்துக்குள்ளிருந்து வந்தவர்கள், அவர்கள் கதை தெரியும் என்று வாங்கவில்லை. பொன்னாடைக்கு வைத்திருந்த துணியை அனுசுயா இரண்டு தலையணை உறையாகத் தைத்தாள். ஒன்றை இசக்கிமுத்துவுக்குக் கொடுத்து, “இதுலயே தல வச்சுப் படுங்க, பொன்னாடதான்” என்றாள். பிறகு, அவர் பார்க்காத நேரத்தில், புத்தகத்தை முகத்தோடு சேர்த்து வைத்து வாசனை பார்த்தாள்.

ராமாயியின் சேலை அதற்குப் பிறகு காய்ந்துவிட்டது. யாராவது கடைசி அத்தியாயத்தைப் படிக்கும்போது மட்டும், டேபிளில் நின்றுகொண்டிருப்பவள் ஒரு நொடி காணாமல் போய், தலை முதல் கால் வரை நனைந்து திரும்பி வருவாள். செக்கிங்கில் உள்ளவர்கள் “ஒண்ணு வித்துருச்சு டோய்” என்பார்கள். காசிமாயன் பேசாமல் வந்து ஒரு கட்டு பனியன் வேஸ்ட் துணியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார், தலை துவட்ட. அவரும் அந்த நேரம் போய் வந்தவர்தான், ஆனால் அவர் நனைவதில்லை. அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல மாட்டேன். புத்தகம் விற்க வேண்டும் என்று ஊரில் ஆசைப்பட்ட ஒரே ஆள் ரங்காத்தாள். தண்ணீர் நின்றுபோனது அவருக்குத் தாங்கவில்லை. பத்துப் பிரதி வாங்கி, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து, “கடைசி வரைக்கும் படிச்சீங்களா, இல்லீங்களா?” என்று போனில் விரட்டினார். இசக்கிமுத்துதான் அவர் காலில் விழாத குறையாகத் தடுத்தார். எந்த எழுத்தாளரும் இப்படி ஒரு வேலையைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லட்சத்துக்கு ஏங்கியவர், இப்போது மறுபதிப்பு என்ற சொல்லைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார்.

போன தை மாதத்திலிருந்து ராமாயி வெள்ளிக்கிழமை தோறும் நனையத் தொடங்கினாள். யாரோ ஒரே ஆள் திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்பது தெரிந்தது. புத்தகத்தின் பின்னால் போட்டிருந்த நம்பருக்கு அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு அம்மாள் பேசியிருந்தார். உடுமலைப்பேட்டைக்காரர், பெயர் சைதுன்னிசா. அவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, இனிமேல் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இசக்கிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். காற்றாலைகள் சுற்றும் காட்டுக்கு நடுவே சின்ன வீடு. அந்த அம்மாள் டீ கொடுத்தார். புத்தகம் ஜன்னல் மேல் இருந்தது, கடைசிப் பக்கங்கள் மட்டும் அழுக்கேறியிருந்தன.

“என் தங்கச்சி வாய்க்கால்ல விழுந்து போயிட்டாளுங்க,” என்றார் சைதுன்னிசா. “வெள்ளிக்கிழமை. அப்ப கூட யாருமே இல்லீங்க. நானும் இல்லீங்க. இந்தப் புள்ள விழற எடம் வர்றப்ப, புஸ்தகத்தைக் கெட்டியாப் புடிச்சுக்குவனுங்க. இவகூடயாவது இருந்துக்கலாம்னு.”

இசக்கிமுத்து டீயைக் குடித்தார். வந்த காரியத்தைச் சொல்லவில்லை. திரும்பி வந்து ராமாயியிடம், கேட்க முடியவில்லை தாயி, மன்னிச்சுக்கோ என்றார். ராமாயி ஈரத் தலையை வேஸ்ட் துணியால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு, அந்த வெள்ளிக்கெழம அக்காவா? அவுக படிக்கட்டும் அண்ணாச்சி. மத்தவுக படிக்கையில தண்ணி சில்லுன்னு இருக்கும். அவுக படிச்சா மட்டும் வெதுவெதுன்னு இருக்கு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இசக்கிமுத்து இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறார். வெளிவர நாலைந்து வருடம் ஆகும், வராமலும் போகலாம் என்று அவரே எல்லோரிடமும் சொல்கிறார், ஷிப்டுக்கும் தவறாமல் போகிறார். அதில் கிணறு உண்டா என்று ராமாயி கேட்டதற்கு, அடிகுழாய் என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தின் முதல் பதிப்பு இன்னும் தீரவில்லை. காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும்போது ராமாயி சில நாள் காய்ந்தபடி இறங்குவாள், சில நாள் நனைந்தபடி இறங்குவாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நனைந்த அன்று கேட்டில் கையெழுத்துப் போடும் பேனா ஓடாது, அதற்கென்று ஒரு பென்சில் வாங்கிக் கட்டிவைத்திருக்கிறேன்.

ஒரு தகவல் மட்டும் விட்டுப்போயிற்று: நம்பும்படியாக இல்லை என்று நீக்கப்பட்ட ஏழாம் அத்தியாயத்தில் வருகிறவர், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எந்தப் பொய்க்கும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிற ஒரு கிழவர், அது நான்தான்.